மவுண்ட் ரோடு தியேட்டர்கள்: எது எங்கே இருந்தது, எப்படிப் போனது?

சிந்தாதிரி

சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) கூவம் பாலத்திலிருந்து ஜெமினி மேம்பாலம் வரை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பிளாக்கர்ஸ் ரோடு, ஒயிட்ஸ் ரோடு மாதிரி கிளைத் தெருக்களையும் சேர்த்து, மூடிப்போன தியேட்டர்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்த இழை. இன்றைக்கு அந்தப் பக்கம் தியேட்டர் எது என்று காலேஜ் பிள்ளைகளைக் கேட்டால் சத்யம், தேவி என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் காசினோவைச் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

எனக்கு நினைவிலும் பெரியவர்கள் சொல்லியும் தெரிந்தவை: கெயிட்டி, சித்ரா, எல்பின்ஸ்டன், வெலிங்டன், பிளாசா, அலங்கார், மிட்லண்ட், பாரகன், ஸ்டார், ஓடியன், பைலட், உட்லண்ட்ஸ், சாந்தி, ஆனந்த், லிட்டில் ஆனந்த், சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு. ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய தூரத்துக்குள் இத்தனை.

விட்டுப்போனதைச் சேருங்கள். ஆண்டு தெரிந்தால் எழுதுங்கள். கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே சொல்லிவிடுங்கள். எந்த நடிகர் படம் எங்கே எத்தனை நாள் ஓடியது என்ற சண்டை மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தபால்தலை பைத்தியம்

எலக்ட்ரிக் தியேட்டரை விட்டுவிட்டீர்களே சார். வரிசையில் முதல் இடம் அதற்குத்தான். வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 1913-இல் நடத்த ஆரம்பித்தது. சினிமா காட்டுவதற்கென்றே மெட்ராஸில் எழுந்த ஆரம்பக் கட்டடங்களில் ஒன்று. இரண்டே வருடத்தில், 1915-இல், தபால் இலாகா அந்த இடத்தை வாங்கிவிட்டது.

இதில் விசேஷம், நீங்கள் தந்த பட்டியலில் பாதிக்கு மேல் தரைமட்டமான பிறகும் எல்லாவற்றுக்கும் மூத்த இது நின்றுகொண்டிருக்கிறது. அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போய், தபால்தலை சேகரிப்பவர்களுக்கான பிரிவு எது என்று கேளுங்கள். அந்தக் கட்டடம்தான். முதல் நாள் உறை வாங்க நான் பல வருடமாக அங்கே போய் வருகிறேன். வரிசையில் நிற்கிறவர்களிடம் "இது ஒரு காலத்தில் சினிமா கொட்டகை" என்றால், கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தியேட்டர் வேலையை விட்டதால்தான் அது பிழைத்தது என்பது என் கணிப்பு. தனியார் கையில் இருந்திருந்தால் எந்தக் காலத்திலோ மால் ஆகியிருக்கும்.

பேச்சுப்படம்

கெயிட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அந்த இடத்துக்கு அந்த மரியாதை உண்டு.

மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையா நாயுடு 1914-இல் கட்டியது அது. இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் சினிமா தியேட்டர். அதற்கு முன்னால் அவர் குரோனோமெகாபோன் என்ற கருவியை வரவழைத்து, இசைத்தட்டை ஓடவிட்டு அதற்கேற்ற மாதிரி துண்டுப் படம் காட்டிக்கொண்டிருந்தார். விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்சி நடந்தது. அதோடு ஊர் ஊராகவும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். ஊர் சுற்றியது போதும், ஒரே இடத்தில் உட்காருவோம் என்று கெயிட்டியைக் கட்டினார். பிறகு மின்ட் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப். அந்த குளோப்தான் பின்னால் ராக்ஸி ஆனது. ஒரே மனிதர், பேட்டைக்கு ஒன்றாக மூன்று தியேட்டர்! மகன் பிரகாஷைச் சினிமாத் தொழில் கற்றுவர வெளிநாட்டுக்கு அனுப்பி, ஊமைப்படமும் எடுத்தார்கள். ஆந்திராவில் அவர் பெயரில் அரசு விருது கொடுத்து வந்தார்கள். அவர் தொழில் பண்ணிய மவுண்ட் ரோட்டில் ஒரு பெயர்ப்பலகையாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் படவில்லை.

கடைசிக் காலத்தில் கெயிட்டியில் என்ன படம் ஓடியது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். போஸ்டரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போவோம். 2000-க்குப் பிறகு இடித்தார்கள்.

ஜெமினி சர்க்கிள்

முதல் தமிழ்ப் பேசும் படம் கெயிட்டியில்தானே ரிலீஸ்? அதையும் சேர்த்துவிடுங்கள்.

பேச்சுப்படம்

இல்லை நண்பரே. 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் வந்தது கினிமா சென்ட்ரலில். அது வட சென்னை. பின்னால் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறியது. பம்பாயிலிருந்து வந்த ரீல் பெட்டியை வால்டாக்ஸ் ரோடு நெடுக ஊர்வலமாகக் கொண்டுபோய், தேங்காய் உடைத்து சூடம் காட்டினார்கள் என்று சொல்வார்கள். வட சென்னைக்குத் தனி இழையே போடலாம். பிராட்வே, கிரவுன், மினர்வா, மகாராணி, பாண்டியன், அகஸ்தியா என்று அங்கேயும் நீளமான கணக்கு இருக்கிறது.

ரிசர்வ் டிக்கெட்

எல்பின்ஸ்டனைப் பற்றி என் அப்பா சொல்வதில் படம் பாதி, ஐஸ்கிரீம் பாதி. அங்கே ஜாஃபர்ஸ் ஐஸ்கிரீம் கடை இருந்தது. பீச் மெல்பா என்றால் அந்தக் காலத்து மெட்ராஸில் ஜாஃபர்ஸ்தான். படம் பார்க்கக் காசு இல்லாவிட்டாலும் அந்த வாசலில் நிற்பதே ஒரு கௌரவம் என்பார். இப்போது அந்த இடத்தில் ரஹேஜா காம்ப்ளெக்ஸ். வெலிங்டன் இருந்த இடம் வெலிங்டன் பிளாசா. பெயரையாவது விட்டுவைத்தார்களே.

மிட்லண்டைப் பிற்பாடு நடிகை ஜெயப்பிரதா வாங்கி, தன் பெயரையே வைத்தார். அதற்கும் அப்புறம் ராஜ் ஆனது. ஓடியன் மெலடி ஆனது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே தியேட்டருக்கு மூன்று பெயர் சொல்லும். ஆட்டோக்காரரிடம் "மிட்லண்ட்" என்று சொன்னால் உங்கள் வயதைச் சொன்ன மாதிரி.

கணேசன் ரசிகன்

சாந்தியை ஏன் இன்னும் யாரும் தொடவில்லை? சண்டை வேண்டாம் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டீர்கள், சரி. ஆனால் சாந்தியை வெறும் கட்டடமாக எழுத முடியாது.

ஜி. உமாபதி கட்டி 1961-இல் திறந்தது. பிறகு நடிகர் திலகத்திடம் வந்தது. அதற்கப்புறம் அது தியேட்டர் மட்டுமில்லை, எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ். வேலை முடிந்து பஸ் பிடிக்கும் முன்னால் சாந்தி வாசலில் அரை மணி நேரம் நின்று போகாவிட்டால் சோறு இறங்காது. படம் பார்க்கக்கூட வேண்டாம். கம்பி கேட் ஓரம் பத்துப் பேர் நிற்பார்கள். தாராபுரத்தில் முதல் வார வசூல் என்ன, கும்பகோணத்தில் எத்தனை ஷோ ஹவுஸ்ஃபுல் என்று அச்சடித்த நோட்டீஸ் கைமாறும். ஈரோட்டிலிருந்து வந்தவர், திருநெல்வேலியிலிருந்து வந்தவர் என்று வெளியூர்க்காரர்களும் சென்ட்ரலிலோ எழும்பூரிலோ இறங்கி நேரே அங்கேதான் வருவார்கள். ஒருவருக்கொருவர் வீட்டு விலாசம் தெரியாது. ஆனால் இருபது வருடப் பழக்கம்.

1979-இல் அவருடைய 200-வது படமான 'திரிசூலம்' சென்னையில் சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி. இந்த மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லாத சிவாஜி ரசிகன் கிடையாது. மேலே ஒருவர் எழுதினாரே, வெங்கையா நாயுடு கட்டிய கிரவுன் என்று, அதே கிரவுன்தான்.

2005-இல் 'சந்திரமுகி' அதே சாந்தியில் 800 நாளைத் தாண்டி ஓடியது. 2016-இல் மூடினார்கள். கடைசி நாட்களில் போய் நின்றேன். வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். யாரும் உள்ளே போகவில்லை.

வாத்தியார் பிள்ளை

சண்டை போடவில்லை, தகவல் மட்டும். 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-இல் தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. மூன்றையும் நாங்களும் ஒரே மூச்சில்தான் சொல்வோம். இந்த மூன்றில் இன்று படம் ஓடுவது தேவி பாரடைஸில் மட்டும். எனவே இறுதி வெற்றி யாருக்கு என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். 🙂

கணேசன் ரசிகன்

ஆரம்பித்துவிட்டீர்களா.

சிந்தாதிரி

இரண்டு பேரும் அப்படியே நிறுத்துங்கள். ஆனால் உங்கள் இரண்டு பதிவுகளுமே ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன. பெரிய படமே சென்னைக்கு மூன்று தியேட்டர், நான்கு தியேட்டர்தான். மவுண்ட் ரோட்டில் ஒன்று, வடக்கே ஒன்று, புரசைவாக்கம் பக்கம் ஒன்று. அதனால்தான் 100 நாள் ஓடியது. இன்று ஊரில் இருக்கிற எல்லாத் திரையிலும் ஒரே வெள்ளிக்கிழமை இறக்கிவிட்டு, ஞாயிறு இரவோடு கணக்கை முடிக்கிறார்கள். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கத்தைத் திங்கட்கிழமை யார் வந்து நிரப்புவது?

கார்பன் குச்சி

இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். நான் ஆபரேட்டராக இருந்தவன். நீங்கள் எழுதிய பட்டியலில் இரண்டு தியேட்டரில் வேலை பார்த்தேன். எது என்று சொல்லப் போவதில்லை, பாக்கிச் சம்பளக் கதையெல்லாம் உண்டு. நீங்கள் எல்லோரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். பின்னால் என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

புரொஜக்டர் இரண்டு. ஒன்றில் ரீல் ஓடும்போது அடுத்த ரீலை மற்றதில் ஏற்றித் தயாராக வைக்க வேண்டும். 2,000 அடி ரீல் என்றால் சுமார் இருபது நிமிடம். விளக்கு என்று சொல்கிறோமே, அது பல்பு இல்லை. இரண்டு கார்பன் குச்சிகள். நுனியும் நுனியும் தொட்டுப் பிரிந்தால் நடுவில் நெருப்பு வெள்ளையாக நிற்கும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், வெளிச்சம் மஞ்சளாக மாறும். திருகி நெருக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் திரையில் கதாநாயகிக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும், கீழே விசில். புகை போக மேலே குழாய் உண்டு. இருந்தாலும் சித்திரை மாதம் அந்த அறைக்குள் சட்டை போட்டு வேலை செய்த ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை.

ரீல் முடியும் முன்னால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி கண் சிமிட்டும். அதைப் பார்த்ததும் இரண்டாவது மெஷின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்றிவிட வேண்டும். சரியாகச் செய்தால் கீழே ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் கவனிக்காமல் இருந்தால் அதுதான் எங்களுக்குப் பாராட்டு.

அப்புறம் இந்தச் சைக்கிள். ஒரே பிரின்ட்டை இரண்டு தியேட்டர் பங்கு போட்டு ஓட்டுவது உண்டு. இங்கே முதல் காட்சி 6.15 என்றால் அங்கே 6.45. ஓடி முடிந்த ரீலைத் தகரப் பெட்டியில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டி ஒரு பையன் பறப்பான். மழை நாளில், ஊர்வலம் போகிற நாளில், அவன் வர நேரமாகும். இடைவேளை நீண்டுகொண்டே போகும். மேனேஜர் மேலே ஓடிவந்து "ஸ்லைடு போடு, ஸ்லைடு போடு" என்பார். நகைக்கடை, பல்பொடி, சைக்கிள் கடை என்று கையில் இருந்த கண்ணாடி ஸ்லைடை எல்லாம் இரண்டு சுற்று காட்டி முடித்தாலும் பையனைக் காணோம். கீழே ஜனம் என் பிறப்பை விசாரிக்கும்.

ஸ்லைடு என்றதும் இன்னொன்று. படம் ஓடும்போது அவசரமாக யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால், கண்ணாடித் துண்டில் மையைப் பூசிக் காயவைத்து, குண்டூசியால் பேரைக் கீறி, பக்கவாட்டில் திரையில் காட்டுவோம். "இன்னார் உடனே வெளியே வரவும்" என்று. பிரசவம், சாவு, இந்த இரண்டுக்கும்தான் பெரும்பாலும். எழுத்துப் பிழையோடு எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

கார்பன் போய் செனான் விளக்கு வந்தது. வேலை சுலபமானது. அப்புறம் பிரின்டே போய் டிஜிட்டல் வந்தது. நம்ம சென்னை கம்பெனி செய்த கியூப் பெட்டியை வைத்தார்கள். பட்டனைத் தட்டினால் மூன்று மணி நேரம் ஆள் வேண்டாம். என்னை வாசலில் டிக்கெட் கிழிக்கச் சொன்னார்கள். நான்கு மாதம் கிழித்தேன், பிறகு நானே நின்றுவிட்டேன்.

ரிசர்வ் டிக்கெட்

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழை ஆரம்பித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. அந்தப் புள்ளியைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பிலிமில் ஓட்டை விழுந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேடீஸ் கியூ

எல்லோரும் உருகி உருகி எழுதுகிறீர்கள். நானும் உருகத் தயார்தான், ஆனால் சில விஷயங்களையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் போட்ட பட்டியலில் பாதித் தியேட்டருக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போனதே கிடையாது. அனுப்ப மாட்டார்கள். போன இடங்களிலும் கழிவறைப் பக்கம் போக முடியாது. அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் கிளம்புவாள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தியேட்டரில் பின் இருக்கையிலிருந்து நீண்ட கால்களுக்காக நாங்கள் கைப்பையில் ஊக்கு வைத்திருப்போம். இதையெல்லாம் யாரும் "அந்தக் காலம் பொற்காலம்" பதிவில் எழுதுவதில்லை.

பெண்களுக்குத் தனி கவுன்டர் இருந்தது, அது வாஸ்தவம். ஆண்கள் பக்கம் இரண்டு சுவர்களுக்கு நடுவே கூண்டு மாதிரி சந்து. உள்ளே நுழைந்துவிட்டால் டிக்கெட் வாங்கினால்தான் வெளியே வர முடியும். எங்கள் பக்கம் பத்தே பேர். அதனால் முன்பின் தெரியாத அண்ணன்மார்கள் எல்லாம் "அக்கா, எங்களுக்கும் ரெண்டு சேர்த்து எடுங்கக்கா" என்று காசை நீட்டுவார்கள். என் பெரியம்மா ஒரு தடவை அப்படி எடுத்துக் கொடுத்துவிட்டு, அதில் ஒருவன் வாசலுக்குப் போய் அந்த டிக்கெட்டை மூன்று மடங்குக்கு விற்றதைப் பார்த்துவிட்டாள். அவனைத் துரத்திப் போய்த் திட்டினாள். அவன் "கமிஷன் வேணுமா பெரியம்மா?" என்று கேட்டான்.

மல்டிபிளெக்ஸில் பாப்கார்ன் விலை கொள்ளைதான். ஆனால் என் பெண் தோழிகளோடு மட்டும் இரவுக் காட்சிக்குப் போய் வருகிறாள். எனக்கு அந்த வயதில் அது கனவிலும் நடக்காது.

கணேசன் ரசிகன்

சாந்தியில் அப்படியெல்லாம் நடக்காது மேடம். குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

லேடீஸ் கியூ

சாந்தி என்று நான் சொன்னேனா அண்ணா? நீங்கள் வாசலிலேயே நின்றவர். உள்ளே நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பேச்சுப்படம்

அக்கா சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லாத் தியேட்டரும் ஒரே தரம் இல்லை. சஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் ஜெமினிக்குப் பக்கத்தில் வந்தது. ஒரே வளாகத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்குகள். இந்தியாவிலேயே அந்த மாதிரி முதல் முயற்சி என்று சொல்வார்கள். மல்டிபிளெக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். சஃபையரில் 70 எம்.எம். திரை. ஆரம்பத்திலேயே 'கிளியோபாட்ரா'வைப் போட்டு ஊரை வாய் பிளக்க வைத்தார்கள். அதற்கு முன்பே, சாந்தியைக் கட்டிய அதே உமாபதி 1962-இல் ஆனந்தைத் திறந்திருந்தார். ஆகவே ஆங்கிலப் படம் பார்க்கிற கூட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடும்.

புளூ டைமண்டில் தொடர் காட்சி. காலையிலிருந்து இரவு வரை படம் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மத்தியான தூக்கம்

புளூ டைமண்ட் என்றதும் ஓடி வந்தேன். நான் மருந்துக் கம்பெனி ரெப். காலையில் டாக்டர்களைப் பார்த்துவிட்டால் மாலை வரை வேலை இல்லை. மே மாத வெயிலில் டை கட்டிக்கொண்டு எங்கே போவது? ஒரு டிக்கெட், ஏ.சி., மெத்தென்ற இருக்கை. படத்தின் கடைசி அரை மணி நேரத்தை முதலில் பார்ப்பேன், கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் தூங்குவேன். எழுந்தால் ஆரம்பம் ஓடிக்கொண்டிருக்கும். என்னைச் சுற்றி இருப்பவர்களில் பாதி என் தொழில், மீதி காலேஜ். எங்கள் மேனேஜரையே ஒரு நாள் மூன்று வரிசை தள்ளிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருவரும் அதைப் பற்றி ஓய்வு பெறும் வரை பேசவில்லை.

தொண்ணூறுகளில் மூடி, இடித்து, பல வருடம் வெறும் மனையாகக் கிடந்தது. மேம்பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்ப்பேன்.

மாசி வீதி

மதுரையிலிருந்து ஒரு பதிவு போடலாமா? எங்கள் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது. 2,500 இருக்கைக்கு மேல். ஆசியாவிலேயே பெரிசு என்று பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி ஒப்பிப்போம். இப்போது அங்கே ஜவுளிக்கடை. 'சிந்தாமணி' படம் கொடுத்த லாபத்தில் கட்டிய சிந்தாமணி தியேட்டரும் ஜவுளிக்கடையிடம்தான் போய்ச் சேர்ந்தது. மதுரையில் ஒரு தியேட்டர் மூடினால் அடுத்து சேலை வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ரீகலை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விக்டோரியா எட்வர்டு ஹால். பகலில் நூலகம், பேப்பர் படிக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அதே கட்டடத்தில் இங்கிலீஷ் படம். சென்னையில் இப்படி ஒன்று உண்டா?

சிந்தாதிரி

இல்லை அண்ணே, அதில் நீங்கள் ஜெயித்தீர்கள். தயவுசெய்து மதுரைக்குத் தனி இழை ஆரம்பியுங்கள், நாங்கள் எல்லோரும் வருகிறோம். தங்கத்துக்கே பத்துப் பக்கம் வேண்டும்.

சதுர அடி

நான் கட்டட வேலையில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன். டி.வி. வந்தது, கேபிள் வந்தது, திருட்டு வி.சி.டி. வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை எல்லா ஊருக்கும்தான் வந்தன. மவுண்ட் ரோட்டில் மட்டும் இப்படித் துடைத்து எடுத்த மாதிரி போனதற்குக் காரணம் மனை விலை.

ஒரு பழைய தியேட்டரை நினைத்துப் பாருங்கள். சாலையோரம் பெரிய மனை. நடுவில் ஒற்றை அரங்கம், உயரம் நாலு மாடி, ஆனால் தளம் ஒன்றே ஒன்று. சுற்றிலும் சைக்கிளும் ஸ்கூட்டரும் நிற்க இடம், கார் நிறுத்த வழி கிடையாது. டிக்கெட் விலையை அரசு கட்டுப்படுத்துகிறது, கேளிக்கை வரி வேறு. ஒரு நாளைக்கு நான்கு காட்சி, அதற்கு மேல் சம்பாதிக்க வழி இல்லை. அதே மனையில் எட்டு மாடி அலுவலகம் கட்டினால் மாதம் பிறந்தால் வாடகை. உரிமையாளருக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பங்கு கேட்கிறார்கள். தியேட்டரை எப்படி மூன்றாக வெட்டுவது? மனையை விற்றால் வெட்டலாம். நான் பார்த்தவரை பல இடங்களில் கதை முடிந்தது படம் ஓடாததால் அல்ல, பாகப்பிரிவினையால்.

தேவி ஏன் நிற்கிறது என்றும் பாருங்கள். 1970-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் தேவி, பாரடைஸ், பாலா, கலா என்று நான்கு திரை. பெரிய படம் ஓய்ந்தால் சின்ன அரங்குக்கு மாற்றலாம். சத்யமும் 1974-இல் சாந்தம், சுபம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட திரையோடு வந்ததுதான். ஒற்றைத் திரையாகப் பிறந்ததில் காசினோ மாதிரி ஒன்றிரண்டுதான் தாக்குப்பிடித்தன.

வாத்தியார் பிள்ளை

கணக்கு சரி. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? 10 ரூபாய் டிக்கெட். முன்வரிசையில் கொஞ்சம் சீட் அந்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசு வைத்திருந்ததால், சத்யத்தில்கூட 10 ரூபாய்க்குக் கழுத்தை அண்ணாந்து படம் பார்த்தோம். இன்றைக்கு ஒரு கொத்தனார், நீங்கள் கட்டுகிற கட்டடத்தில் வேலை பார்க்கிறவர், தன் குடும்பத்தோடு மவுண்ட் ரோட்டில் படம் பார்க்க எவ்வளவு ஆகும்? பழைய தியேட்டரில் பெஞ்சு தனி, பால்கனி தனி, வாசலே தனித்தனி. பிரித்துத்தான் உட்கார வைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே படத்துக்கு ஒரே நேரத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். எங்கள் பெஞ்சிலிருந்து விசில் வந்தால்தான் பால்கனிக்காரருக்கே எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியும்.

லேடீஸ் கியூ

அந்த விசிலுக்குப் பயந்துதான் எங்களை பால்கனிக்குக் கூட்டிப் போனார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விலை விஷயத்தில் உங்களோடுதான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா ஸ்டாரில் இந்திப் படம் விடாமல் பார்ப்பார். ஒரு வார்த்தை இந்தி தெரியாது, திருவல்லிக்கேணியில் ஸ்டார்தான் பக்கம், அதனால் பார்த்தார். பாட்டெல்லாம் மனப்பாடம். இப்போது போனில் பார்க்கிறார்.

கார்பன் குச்சி

சதுர அடி தம்பி சொன்னது நான் கண்ணால் பார்த்தது. மூடுவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். கிழிந்த சீட்டைத் தைக்க மாட்டார்கள். ஏ.சி.யை இடைவேளைக்குப் பிறகு நிறுத்திவிடுவார்கள். பழைய படம் போடுவார்கள், பிறகு காலைக் காட்சிக்கு "அந்த" மாதிரிப் படம். குடும்பம் வருவது நின்றுவிடும். அப்புறம் "கூட்டமே வரவில்லை, அதனால் மூடுகிறோம்" என்பார்கள்.

தபால்தலை பைத்தியம்

ஒரு யோசனை. எழுதிக்கொண்டே இருப்பதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தே பார்த்தால் என்ன? எலக்ட்ரிக்கில் ஆரம்பிக்கலாம். ஞாயிறு தபால் அலுவலகத்துக்குள் விடுவார்களா என்று கேட்டுச் சொல்கிறேன். விடாவிட்டால் சனிக்கிழமை.

சிந்தாதிரி

சனிக்கிழமையே வைப்போம். காலை 7 மணி. முதலில் பிளாக்கர்ஸ் ரோடு பக்கம் கெயிட்டி இருந்த இடம், காசினோ. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து எல்பின்ஸ்டன், வெலிங்டன், சாந்தி. தேவி வாசலில் காபி. பத்து மணிக்குத் தபால் நிலையம் திறந்ததும் எலக்ட்ரிக். தெம்பு இருப்பவர்கள் ஆனந்த், சஃபையர் வரை வரலாம், மற்றவர்கள் மெட்ரோ பிடித்துக்கொள்ளுங்கள். பழைய டிக்கெட், பாட்டுப் புத்தகம், போட்டோ எது இருந்தாலும் கொண்டு வாருங்கள், போனில் படம் எடுத்து இங்கேயே ஏற்றுகிறேன்.

கார்பன் குச்சி ஐயா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். பிளாசா மெயின் ரோட்டைப் பார்த்து எந்த இடத்தில் இருந்தது என்று எங்களுக்குள் மூன்று விதமாகச் சொல்கிறோம்.

கார்பன் குச்சி

வருகிறேன். முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பேன். பிளாசாவைக் காட்டுகிறேன். வேலை பார்த்த இரண்டு தியேட்டர் எது என்று யாரும் கேட்கக் கூடாது.

கணேசன் ரசிகன்

சாந்தி வாசலில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

வாத்தியார் பிள்ளை

காபி தேவி வாசலில் என்று முடிவாகிவிட்டது, மாற்ற வேண்டாம்.